களஞ்சியத்தை வீடாக்க அனுமதிக்கலாமா? ஒரு கவுன்சிலரின் கேள்வியும் பதிலும்

கேள்வி:

இங்கிலாந்தின் கிராமப்புறத் தொகுதி ஒன்றிலிருந்து மாவட்ட கவுன்சிலுக்குப் புதிதாகத் தெரிவு செய்யப்பட்டவள் நான். திட்டமிடல் குழுவிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி நிற்கும் பண்ணை ஒன்றின் பழைய களஞ்சியத்தை நான்கு படுக்கையறை வீடாக மாற்றக் கேட்கும் விண்ணப்பம் அடுத்த மாதம் எங்கள் முன் வருகிறது. அது செங்கல்லும் மரச்சட்டமும் கொண்ட பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். பண்ணை வீடு, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. முற்றத்தின் மறுபக்கத்தில் 1970களில் எழுப்பிய இரும்புக் கொட்டகை ஒன்று, மூன்று பக்கமும் திறந்து, கல்நார்த் தகட்டுக் கூரையோடு நிற்கிறது. பாதை ஒடுக்கம், பஸ் இல்லை, இன்று ஒன்றுக்கு விட்டால் நாளை பத்து வரும் என்று ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில் எதிர்க்கிறது. எங்கள் கவுன்சிலின் திட்டமிடல் அதிகாரி அனுமதிக்கலாம் என்கிறார். விண்ணப்பதாரரின் முகவரோ, இதை மறுத்தால் இரும்புக் கொட்டகையை, முழுத் திட்ட அனுமதி கேட்காமலே பண்ணைக் கட்டடத்தை வீடாக்க இடம் தரும் 'கிளாஸ் க்யூ' வழியில் வீடுகளாக்கிக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறார். பண்ணைக்காரரின் மனைவியை எனக்குத் தெரியும். இருவருக்கும் வயதாகிவிட்டது, மகனிடம் பண்ணை வீட்டை விட்டுவிட்டு இதில் வந்து இருக்கப் போகிறோம் என்கிறார்கள். நான் எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்:

மதிப்புக்குரிய அம்மையீருக்கு,

நீங்கள் அனுப்பிய வரைபடங்களையும் அதிகாரியின் அறிக்கையையும் இரண்டு முறை படித்தேன். எந்தப் பக்கம் கை தூக்குவது என்பதை நான் சொல்ல முடியாது. நேரில் பார்த்து, குழுவில் கேட்டு முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். பாதையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் முகவரின் மிரட்டலைப் பற்றியும் விரிவாக எழுதிய நீங்கள், களஞ்சியத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பாரிஷ் கவுன்சிலின் ஆட்சேபமும் அப்படித்தான் இருக்கிறது. கவுன்சில் ஒன்றில் திட்டமிடல் அதிகாரியாக இருந்த காலத்திலும், பிறகு ஆலோசகராக வெளியே வந்த பின்னரும், இத்தகைய விண்ணப்பங்களில் நான் அடிக்கடி கண்ட குறை இது. இங்கே ஒரு வீடு வரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கட்டடம் வீடாவதைத் தாங்குமா, தாங்கினாலும் அதன் பிறகு இதே கட்டடமாக இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. ஊர் எல்லைக்கு வெளியே வயல்வெளியில் புது வீட்டுக்குப் பொதுவாக இடமில்லை. அந்தத் தடையை நாம் தளர்த்துவது அங்கே ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை முன்னிட்டுத்தான். கட்டடம் மிஞ்சாது என்றால் தளர்த்துவதற்கான காரணமும் மிஞ்சாது.

சட்டம் சொல்லும் ஒழுங்கு எளிது. 2004ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டாயக் கொள்முதல் சட்டத்தின் 38(6)ஆம் பிரிவின்படி, உள்ளூர்த் திட்டத்தை ஒட்டியே முடிவெடுக்க வேண்டும். விலகுவதானால் விலகுவதற்குத் தக்க வேறு காரணங்கள் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் மாவட்டத்தின் திட்டத்தில் கிராமப்புறக் கட்டடங்களின் மறுபயன்பாடு பற்றிய கொள்கையை முதலில் எடுத்துச் சொல் சொல்லாகப் படியுங்கள். கட்டடம் உறுதியானதாக இருக்க வேண்டும், பெரிய அளவில் இடித்துக் கட்டாமல் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற கருத்து பெரும்பாலான திட்டங்களில் ஏதோ ஒரு சொல்லமைப்பில் இருக்கும். சில திட்டங்கள், வீட்டுக்கு முன்னால் தொழில் பயன்பாட்டுக்கு முயன்று பார்த்ததற்கு ஆதாரம் கேட்கும். உங்களுடையதில் அப்படி ஒரு வரி இருந்தும் அதிகாரியின் அறிக்கை அதைத் தொடாமல் போயிருந்தால், குழுவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

அடுத்தது தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம். அதன் 2024 டிசம்பர் பதிப்பின் 84ஆம் பத்தி, நாட்டுப்புறத்தில் தனித்து நிற்கும் வீடுகளைத் தவிர்க்கச் சொல்லிவிட்டுச் சில விலக்குகளைத் தருகிறது. அவற்றுள் இரண்டு உங்களுக்கு வேண்டியவை: பாரம்பரியச் சிறப்புள்ள கட்டடத்துக்கு மிகப் பொருத்தமான, நடைமுறைக்கு இயன்ற பயன்பாடாக அது அமைவது, பயனற்றுக் கிடக்கும் கட்டடத்தை மறுபடி பயன்படுத்தி அதன் உடனடிச் சுற்றுப்புறத்தை மேம்படுத்துவது. 'தனித்து நிற்பது' என்ற சொல்லுக்குக் கடை கண்ணி இல்லாத இடம் என்று பொருள் கொள்ளக் கூடாது. குடியிருப்பிலிருந்து இடத்தால் பிரிந்திருப்பது என்பதே பொருள் என்று பிரெயின்ட்ரீ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியது. ஒரு மைல் தள்ளிய பண்ணை பெரும்பாலும் இதற்குள் வரும். இரண்டாவது விலக்கின் கடைசிச் சொற்களை மறந்துவிடாதீர்கள். பயனற்றுக் கிடக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. சுற்றுப்புறம் மேம்பட வேண்டும். களஞ்சியம் இன்றும் வைக்கோலும் இயந்திரமும் வைக்கப் பயன்படுகிறதா, அப்படியானால் அவை நாளை எங்கே போகும், அவற்றுக்காக அடுத்த ஆண்டு புதிய கொட்டகை ஒன்று கேட்டு வருவார்களா என்பதும் இங்கே எழும் கேள்விதான்.

இனி கட்டடத்துக்கு வருவோம். நீங்கள் விவரிப்பது கதிரடிக்கும் களஞ்சியம். அதன் நீண்ட சுவர்கள் இரண்டின் நடுவிலும் எதிரெதிராகப் பெரிய கதவுகள் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தளத்தில் கதிரை அடித்துவிட்டு, கதவுகளைத் திறந்து, குறுக்கே வீசும் காற்றில் தூற்றுவார்கள். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்தக் கதவுகளின் வேலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கதவுகளுக்கு இருபுறமும் கதிர்க்கட்டுகளைத் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியதால் இடையில் மாடி கிடையாது. சுவரில் சன்னலும் கிடையாது, காற்றோட்டத்துக்கான குறுகிய பிளவுகள் மட்டுமே. அதாவது, அந்தக் கட்டடத்தின் குணம் முழுவதும் இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது: வெளியே திறப்பில்லாத நீண்ட சுவரும், உள்ளே தடையில்லாத உயரமும். வீட்டுக்கு வேண்டியவையோ இவற்றுக்கு நேர் எதிரானவை. வெளிச்சம் வேண்டும், ஆகவே சன்னல் வேண்டும். படுக்கையறைகள் வேண்டும், ஆகவே மாடியும் தடுப்பும் வேண்டும். நல்ல கட்டடக் கலைஞர் இந்த முரணை நேராகச் சந்திப்பார். மற்றவர்கள் களஞ்சியத்தின் உருவத்தில் ஒரு புறநகர் வீட்டை நுழைத்துவிடுவார்கள்.

தளத்தைப் பார்க்கப் போவதற்கு முன், ஒரு நல்ல களஞ்சியத்துக்குள் நின்று பார்த்துவிட்டுப் போவது உதவும். லண்டன் வரும்போது ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் பெருங்களஞ்சியத்தைப் பாருங்கள். 1426இல் எழுந்த அது ஏறத்தாழ 58 மீட்டர் நீளம். இப்போது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் பராமரிக்கிறது. உங்கள் பண்ணையிலுள்ளது அதன் முன் சின்னஞ்சிறியதுதான். ஆனாலும் நடுத்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, 'உள் வெளியின் முழுமை' என்று அறிக்கைகளில் எழுதுவது எதைப் பற்றி என்று பிறகு விளக்க வேண்டியிருக்காது.

உங்களிடமுள்ள கோப்பில் கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை நான்கு பக்கம் இருக்கிறது. 'பொதுவாக நல்ல நிலை' என்ற சொற்றொடர் அதில் மூன்று முறை வருகிறது. எந்தச் சுவர் எவ்வளவு நீளத்துக்குத் திரும்பக் கட்டப்படும், எந்த உத்திரம் மாற்றப்படும் என்பதை வரைபடத்தில் குறித்துக் காட்டும் பக்கம் ஒன்றுகூட இல்லை. இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டும். தளத்தில் நிற்கும்போது வடக்குச் சுவரை அதன் ஓரத்திலிருந்து நீளவாக்கில் பாருங்கள். புகைப்படத்தில் அது நடுவில் வயிறு தள்ளியிருப்பதுபோலத் தெரிகிறது. உள்ளே குறுக்கு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் போகும் இடத்தை ஒரு டார்ச்சால் பாருங்கள். நீர் இறங்கி மரம் உளுத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான். செங்கற்களுக்கு இடையே பழைய சுண்ணாம்புச் சாந்தா, பிற்காலத்தில் பூசிய சிமெண்டா என்பதையும் பாருங்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, அருகிலுள்ள செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும். நீங்கள் பொறியாளர் அல்லர் என்பது எனக்குத் தெரியும். பொறியாளர் எதை எழுதாமல் விட்டார் என்று கேட்பதற்கு இவ்வளவு போதும்.

இதில் நான் இத்தனை பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன் என் கையில் வந்த ஒரு கோப்பு. இதைப் போன்ற ஒரு களஞ்சியத்துக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது. இலையுதிர்காலத்தில் வேலையைத் தொடங்கிய ஒப்பந்தக்காரர், வசதியாக இருக்கும் என்று கூரை முழுவதையும் ஒரேயடியாகக் கழற்றினார். மேலே பிடித்துக்கொண்டிருந்த கைமரங்கள் போனதும், சாய்ந்திருந்த சுவர் ஒரு காற்றிரவில் விழுந்தது. அதைத் தொட்டு நின்ற பக்கச் சுவரும் பாதுகாப்பில்லை என்று இடிக்கப்பட்டது. எஞ்சியது ஒன்றரைச் சுவர். அனுமதியோ மாற்றுவதற்குத் தரப்பட்டது. புதிதாகக் கட்டுவதற்கு அன்று. மாற்ற வேண்டிய கட்டடம் இல்லாமல் போனதால் அந்த அனுமதியும் பயனற்றுப் போனது. வயல் நடுவில் புது வீடு கேட்டு மீண்டும் விண்ணப்பிக்கும் நிலைக்கு வீட்டை விற்றுவிட்டு வந்த ஒரு குடும்பம் தள்ளப்பட்டது. அந்த அனுமதியை எழுதிய அதிகாரி நான்தான். கூரையைப் பகுதி பகுதியாகத்தான் கழற்ற வேண்டும், அதற்கு முன் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், வேலை முறையை எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட எனக்கு அன்று தோன்றவில்லை. உங்கள் அதிகாரியின் அறிக்கையிலும் அந்த நிபந்தனையைக் காணவில்லை.

மாற்றுவதற்கும் திரும்பக் கட்டுவதற்கும் உள்ள எல்லையைப் பற்றிப் பேசும் வழக்கு, 2016இல் உயர் நீதிமன்றம் தீர்த்த ஹிப்பிட் வழக்கு. நாட்டிங்ஹம்ஷையரின் ரஷ்கிளிஃப் பகுதியில், பெரும்பாலும் மூன்று பக்கம் திறந்த இரும்புச் சட்டக் கொட்டகை ஒன்றை வீடாக்கக் கேட்டிருந்தார்கள். இரும்புச் சட்டம் பாரத்தைத் தாங்கும் என்பது மட்டும் போதாது. செய்ய வேண்டிய வேலை பழைய கட்டடத்திலிருந்து சொற்ப உதவியையே பெற்றுப் புதிதாகத் தொடங்குவதற்கு நிகராக இருந்தால் அது மாற்றம் ஆகாது என்ற, மேல்முறையீட்டை விசாரித்த திட்டமிடல் ஆய்வாளரின் நிலைப்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. அது கிளாஸ் க்யூ பற்றிய வழக்கு என்றாலும், உங்கள் உள்ளூர்க் கொள்கையில் 'மாற்றம்' என்ற சொல்லைப் படிக்கும்போதும் துணை செய்யும். முகவரின் கடிதத்துக்கு வரும்போது இதை மீண்டும் எடுப்போம்.

பாரம்பரியச் சிறப்பைப் பற்றி: 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே பட்டியலிட்ட கட்டடத்தின் வளவுக்குள் நிற்கும் கட்டடமும் அந்தப் பட்டியலின் பகுதியாகவே கொள்ளப்படும். உங்கள் களஞ்சியம் பண்ணை வீட்டின் வளவுக்குள் வருகிறது என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அது சரியென்றே தோன்றுகிறது. அப்படியானால் திட்ட அனுமதியோடு பட்டியலிட்ட கட்டடத்துக்கான தனி ஒப்புதலும் வேண்டும். அந்த இரண்டாவது விண்ணப்பம் இதே கூட்டத்துக்கு வருகிறதா என்று கேளுங்கள்; நிகழ்ச்சி நிரலில் அதைக் காணோம். மேலும், பட்டியலிட்ட கட்டடங்கள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி கட்டடத்தையும் அதன் சூழலையும் காப்பதன் விருப்பத்தகுதிக்கு உங்கள் தராசில் தனிக் கனம் தர வேண்டும். மற்றக் காரணங்களோடு அதையும் ஒன்றாகப் போட்டு நிறுத்தால் போதாது என்பதை பார்ன்வெல் மேனர் வழக்கு 2014இல் உறுதிப்படுத்தியது.

இந்த வரைபடத்தில் எனக்கு உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கதவுகளின் இடத்தில் கண்ணாடி வைத்திருப்பது நல்லது. திறப்பு எங்கே இருந்ததோ அங்கேயே வெளிச்சம் வருகிறது. ஆனால் தெற்குக் கூரையில் எட்டுச் சாளரங்கள்! இரவில் அந்த எட்டும் எரியும்போது பள்ளத்தாக்கின் மறுகரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே தெரிவது களஞ்சியமாக இராது. உள்ளே ஐந்து பகுதிகளில் நான்கின் மேல் மாடி போட்டிருக்கிறார்கள். நடுத்தளத்தின் மேல் மட்டுமே கூரைவரை திறந்திருக்கிறது. ஒரு படுக்கையறையைக் குறைத்து இரண்டு பகுதிகளைத் திறந்துவிடச் சொன்னால் திட்டம் குலைந்துவிடாது. இவை மறுப்பதற்கான காரணங்களாக எனக்குப் படவில்லை. முடிவைத் தள்ளிவைத்துத் திருத்தி வரச் சொல்வதற்கான காரணங்கள்.

வீட்டைவிட அதன் வளவுதான் நாட்டுப்புறத்தைக் கெடுக்கும் என்பது என் அனுபவம். துணிக்கொடி, ஊஞ்சல், மரக்குடில், மூன்று கார், சரளைக்கல் பரப்பு, இரட்டைக் கதவு கராஜ் என்று ஐந்தாண்டில் வயல் பின்வாங்கிவிடும். விண்ணப்ப நிலத்தின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு களஞ்சியத்தின் பின்னால் மேய்ச்சல் நிலத்துக்குள் ஏறத்தாழ நாற்பது மீட்டர் போகிறது. அதற்கு எந்த விளக்கமும் தரப்படவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: கிளாஸ் க்யூ விதியில் வீட்டோடு சேரும் வளவு, கட்டடம் நிற்கும் நிலத்தின் பரப்பைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. உங்கள் முன் இருப்பது முழு விண்ணப்பம் என்பதால் அந்த வரம்பு கட்டாயமில்லை. ஆனாலும் பழைய முற்றத்துக்குள் அடங்காத தோட்டம் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரருக்கு அனுமதியின்றிக் கிடைக்கும் விரிவாக்க உரிமைகளை நீக்கும் நிபந்தனை அறிக்கையில் இருக்கிறது. அது இருக்கட்டும். யார்க்‌ஷைர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் வயலுக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான கல் களஞ்சியங்கள் நிற்கின்றன. சாலையோரம் இருப்பவற்றை மாற்ற வழி கொடுத்துவிட்டு, புல்வெளியின் நடுவே நிற்பவற்றில் அந்த அதிகார சபை மிகுந்த தயக்கம் காட்டுவதற்கு, கட்டடத்தைவிட அதைச் சென்றடையப் போடும் பாதையும் கம்பமும் வேலியுமே காரணம்.

வௌவால் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் உங்களை நீதிமன்றம்வரை இழுக்கக்கூடியது பாதையல்ல, வௌவால்தான். எல்லா வௌவால் இனங்களும் அவற்றின் உறைவிடங்களும் 2017ஆம் ஆண்டின் வாழிடங்கள், உயிரினங்கள் பாதுகாப்பு விதிகளால் காக்கப்படுகின்றன. மார்ச் மாதத்தில் செய்த ஒரு நாள் ஆய்வில் 'எச்சங்கள் உள்ளன, மேலும் ஆய்வு தேவை' என்று எழுதியிருக்கிறது. அந்த மேல் ஆய்வை நிபந்தனையாகப் போடலாம் என்கிறது அதிகாரியின் அறிக்கை. இது பிழை. காக்கப்பட்ட உயிரினம் இருக்கிறதா, எவ்வளவு பாதிக்கப்படும் என்பது அனுமதிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதே நீண்டகால அரசு வழிகாட்டல். விதிவிலக்கான சூழலில் மட்டுமே பிறகு விடலாம். அந்தி வேளையில் அவை வெளியேறுவதைப் பார்த்துச் செய்யும் ஆய்வு மே முதல் ஆகஸ்ட்வரைதான் சரியாக அமையும். உறைவிடம் உறுதியானால் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் உரிமம் வேண்டும். அந்த உரிமம் கிடைக்கவே வாய்ப்பில்லை என்று தோன்றினாலொழிய இந்தக் காரணத்துக்காக நீங்கள் மறுக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் மோர்ஜ் வழக்கில் சொன்னது. ஆனால் தோன்றுவதற்குக் கையில் ஆய்வு இருக்க வேண்டுமே. பழுப்பு நெட்டைக்காது வௌவால்கள் கூரைக்குள்ளேயே பறந்து பழகுபவை. அவற்றுக்கென்று மேலே வெற்றிடம் விட வேண்டி வந்தால் மாடியின் வரைபடமே மாறும். ஓட்டின் கீழ் விரிக்கும் புதுவகை மூச்சுவிடும் விரிப்புகளின் இழைகளில் அவை சிக்கிச் சாவதால், உறைவிடமுள்ள கூரையில் பெரும்பாலும் பழைய தார் ஃபெல்ட்டையே கேட்பார்கள். தளத்தில் உத்திரத்தின் கீழே தரையையும் பாருங்கள். எலும்பும் மயிருமாகக் கறுத்த உருண்டைகள் கிடந்தால் அங்கே கூகை இருக்கிறது. கூடு கட்டிய கூகையைத் தொந்தரவு செய்வது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பாதையும் பஸ்ஸும் சுருக்கமாக. தேசியச் சட்டகம், சாலைப் பாதுகாப்பில் ஏற்க முடியாத பாதிப்பு இருந்தாலோ போக்குவரத்தின் கூட்டு விளைவு கடுமையாக இருந்தாலோ மட்டுமே அந்தக் காரணத்துக்காக மறுக்கச் சொல்கிறது. ஒரு வீட்டின் வண்டிகள் அந்த அளவை எட்டுவது கடினம். இதே முற்றத்துக்கு டிராக்டரும் டிரெய்லரும் இதுவரை வந்துபோயிருக்கின்றன. பார்க்க வேண்டியது வாயிலில் கிடைக்கும் பார்வைத் தூரம். பாதைக்குச் சட்டப்படி 60 மைல் வேகம் என்பதால் 215 மீட்டர் வேண்டும் என்று பாரிஷ் கவுன்சில் எழுதியிருக்கிறது. அந்த வளைவில் யாரும் 60இல் ஓட்ட முடியாது. வேகத்தை அளந்து பார்த்து, நூற்றில் எண்பத்தைந்து வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டாமல் போகின்றனவோ அதற்குரிய தூரத்தைக் கேட்பதே முறை. 30 மைல் என்றால் 43 மீட்டர். அந்த அளவீடு கோப்பில் இல்லை. பஸ் இல்லை என்பது உண்மையான குறைதான். ஆனால் வயல்வெளிக் கட்டடத்தை மீட்பதற்கென்றே ஒரு விலக்கை எழுதி வைத்துவிட்டு, வயல்வெளியில் இருக்கிறது என்பதாலேயே மறுப்பது மேல்முறையீட்டில் நிற்காது.

இனி முகவரின் கடிதம். அதை மிரட்டல் என்கிறீர்கள். சட்டத்தில் அதற்கு 'மாற்று வாய்ப்பு' என்று மதிப்பு உண்டு. டன்பிரிட்ஜ் அண்ட் மாலிங் பகுதியின் மான்செல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் கிளாஸ் க்யூ உரிமையையே இப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்றது; அந்த வழிக்கு வேண்டிய கவுன்சிலின் முன்னொப்புதல் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டியதில்லை, நடக்கக்கூடிய மெய்யான வாய்ப்பு இருந்தால் போதும். ஆகவே கடிதத்தைக் கோபத்தோடு ஒதுக்காதீர்கள், அதை எடைபோடுங்கள். 2024 மே 21இலிருந்து விரிவான இப்போதைய விதியின்படி ஒரு பண்ணையில் மொத்தம் பத்து வீடுகள்வரை, எல்லாம் சேர்ந்து 1,000 சதுர மீட்டருக்குள், ஒவ்வொன்றும் 150 சதுர மீட்டருக்குள் மாற்றலாம். களஞ்சியம் பட்டியலின் பகுதி என்பதால் அதற்கு இந்த வழி அடைபட்டது. இரும்புக் கொட்டகைக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மூன்று பக்கம் திறந்து, கல்நார்க் கூரையை முழுவதும் கழற்ற வேண்டிய கொட்டகை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹிப்பிட் வழக்கின் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். சுவரும் கூரையும் தரையும் புதியவை என்றால் மிஞ்சுவது நிற்கும் இரும்புச் சட்டம் மட்டும்தான். மெய்யான வாய்ப்பு என்று சொல்வதற்கு முகவர் ஒரு பொறியாளர் அறிக்கையையாவது இணைத்திருக்க வேண்டும், இணைக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை அதிகாரியும் கவனிக்கவில்லை. தளப் படத்தில் அந்தக் கொட்டகை சிவப்புக் கோட்டுக்கு வெளியே, விண்ணப்பதாரரின் மற்ற நிலத்தைக் காட்டும் நீலக் கோட்டுக்குள் இருக்கிறது. அதாவது, களஞ்சியத்துக்கு நீங்கள் அனுமதி தந்தாலும் கொட்டகை அப்படியே நிற்கும். அதற்கும் அடுத்த வாரமே கிளாஸ் க்யூவில் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பதிலாக அது என்று சொல்பவர், இது கிடைத்தால் அதைக் கைவிடுவேன் என்று எங்கும் சொல்லவில்லை. கொட்டகையை இடித்து முற்றத்தைத் திறந்துவிட ஒப்புக்கொண்டால், பண்ணை வீட்டின் சூழலும் களஞ்சியத்தின் சூழலும் ஒருங்கே மேம்படும். 84ஆம் பத்தி கேட்கும் மேம்பாடு கண்ணுக்குத் தெரிய வரும். நிலம் அவர் கையில்தான் இருப்பதால் நிபந்தனை மூலமோ, அவர் கவுன்சிலோடு செய்துகொள்ளும் 106ஆம் பிரிவு உடன்பாடு மூலமோ அதைப் பிணைக்க முடியும். அப்படி ஒரு வாக்கு வந்தால் என் பார்வையில் இந்த விண்ணப்பத்தின் கனமே மாறிவிடும். வராவிட்டால் முகவரின் கடிதத்துக்கு நான் பெரிய மதிப்புத் தரமாட்டேன். கொட்டகையில் மகன் மாடு கட்டப்போவதாக இருந்தாலும் கேளுங்கள்: முற்றத்துக்கு எதிரே குடியிருப்பவர்களுக்கு நாற்றமும் சத்தமும் இருக்கும். வீட்டைப் பண்ணையிலிருந்து பிரித்து விற்றுவிட்டால், அதன் 400 மீட்டருக்குள் மாட்டுக்கென்று புதுக் கொட்டகை போடும் அனுமதியில்லா உரிமையை மகனே இழப்பார்.

'இன்று ஒன்று, நாளை பத்து' என்ற பாரிஷ் கவுன்சிலின் அச்சத்துக்குப் பதில், ஒவ்வொரு விண்ணப்பமும் அதனதன் தகுதியில் என்பதுதான். ஆயினும் குழு எந்தக் காரணத்தை எழுதி அனுமதித்தது என்பதை அடுத்தவர் எடுத்துக்காட்டுவார். 'ஒரு வீடு கூடுகிறது' என்பதைக் காரணமாக எழுதினால் எல்லாக் கொட்டகைக்கும் அது பொருந்தும். 'இந்தக் களஞ்சியம் இப்படி மீட்கப்படுகிறது' என்று எழுதினால் இதற்கு மட்டும்தான் பொருந்தும்.

வயதான தம்பதியின் நிலையைப் பற்றி மனம் இளகுவது இயல்பு. ஆனால் திட்ட அனுமதி நிலத்தோடு போகிறது, ஆளோடு அன்று. அவர்கள் அதில் குடிவராமலே விற்கலாம். வந்து இரண்டாண்டில் விற்கவும் நேரலாம். அரிதான சூழலில் தவிர தனிப்பட்ட காரணங்களுக்குக் குறைந்த கனமே தரப்படும். பெற்றோருக்காகத்தான் என்றால் நான்கு படுக்கையறை எதற்கு என்று யாராவது கேட்டாலும் கேட்கலாம். அது நியாயமான கேள்வியாக எனக்குப் படவில்லை, ஆனால் கேட்கப்படும்.

கடைசியாக, அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியும் என்றீர்கள். கோயிலிலோ கடையிலோ கண்டு பேசும் பழக்கமா, வீட்டுக்கு வந்துபோகும் நட்பா என்பதைப் பொறுத்தது அது. கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களின் நடத்தை விதிகளைக் கவனிக்கும் உங்கள் கவுன்சிலின் மானிட்டரிங் அதிகாரிக்கு எழுதிக் கேட்டு, அவர் சொல்வதைக் கூட்டத் தொடக்கத்தில் அறிவியுங்கள். நெருக்கம் என்றால் அந்த விடயத்தில் வெளியே போய்விடுவதே நல்லது. 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, முன்பு ஒரு கருத்தைச் சொன்னதாலேயே உங்களை மூடிய மனத்தோடு வந்தவர் என்று கொள்ளக் கூடாது என்கிறது. அதற்காகத் தேநீர் மேசையில் வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதிகாரியின் பரிந்துரைக்கு எதிராக வாக்களிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஆதாரமில்லாத காரணத்தோடு மறுத்தால், மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பின் செலவையும் கவுன்சில் கட்ட நேரலாம்.

கூட்டத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. பழுதுபார்க்கும் பகுதிகளைக் குறித்த பொறியாளர் வரைபடம், கோடையில் செய்த வௌவால் ஆய்வு, அளந்த வேகம், கொட்டகையைப் பற்றிய எழுத்துவாக்கு: இந்த நான்கையும் கேட்டு அதிகாரிக்கு இந்த வாரமே எழுதுங்கள். வௌவால் ஆய்வு முடியாமல் இந்த விண்ணப்பம் அடுத்த மாதம் குழுவுக்கு வரவே கூடாது என்பது என் கருத்து. அவர்களே தள்ளிவைத்துவிட்டால், அந்த இடைவெளியில் கூரைச் சாளரங்களைப் பற்றியும் பேசலாம்.